மார்செய்லில் அற்புதமேரிக்கு ஓர் அறை

1983ஆம் வருஷம், பொங்கல் கழிந்த வாரத்தில், ஸ்ரீபெரும்புதூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த அற்புதமேரிக்குக் கணவனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. சின்னப்பராஜ் சரக்குக் கப்பலில் எலெக்ட்ரிகல் ஆபீசர். அவன் கடிதங்கள் ஒரு பக்கத்தைத் தாண்டியதில்லை. தான் நலம், கப்பல் இன்ன ஊரில் நிற்கிறது, அடுத்து இன்ன ஊர், குழந்தை கிளாராவுக்கு முத்தம். அவ்வளவுதான். இந்தக் கடிதம் இரண்டு பக்கம் இருந்தது.

டிசம்பரில் நடுக்கடலில் கப்பலின் இன்ஜின் அறையில் தீப்பிடித்திருக்கிறது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கப்பலை இழுத்துவந்து பிரான்சின் தெற்குக் கரையில், மார்செய்ல் துறைமுகத்தில் கட்டியிருக்கிறார்கள். பழுது பார்க்க மே மாதம் வரை ஆகும். அதிகாரிகளின் மனைவிமார் வேண்டுமானால் வந்து போகலாம், விமானச் சீட்டு கம்பெனியுடையது. ஆனால் கப்பலில் தண்ணீரும் கரண்டும் இல்லை. ஊருக்குள் அறை எடுத்துத்தான் தங்க வேண்டும். கடைசி வரியில் எழுதியிருந்தான்: "ஊர் பெரியது. எந்தப் பக்கம் அறை எடுப்பது என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீயே சொல்."

அற்புதமேரிக்குச் சிரிப்பு வந்தது. மாமியார் அன்னபுஷ்பத்திடம் கடிதத்தைப் படித்துக் காட்டினாள்.

"அவரு அந்த ஊர்லயே இருக்காரு. நான் ஸ்ரீபெரும்புதூர்ல குந்திகினு இடம் சொல்லணுமாம், அத்தை."

"இதுல இன்னா கீது? மாதா கோயில் எங்க கீதோ அதுக்குப் பக்கத்துல எடுக்கச் சொல்லு," என்றாள் அன்னபுஷ்பம். அவளைப் பொறுத்தவரை பேச்சு அத்தோடு முடிந்தது.

அற்புதமேரிக்கு முடியவில்லை. அவள் குணம் அப்படி. ஒரகடம் கூட்டுரோட்டில் அவள் அப்பா லாசர் டீக்கடை வைத்திருந்தார். வாலாஜாபாத்திலிருந்து வரும் பஸ்ஸும் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து வரும் பஸ்ஸும் அங்கே நிற்கும். இறங்கி டீ குடிப்பவர்களிடமெல்லாம் எந்த ஊர், அங்கே ஆறு இருக்கிறதா, சினிமாக் கொட்டகை இருக்கிறதா என்று துருவித் துருவிக் கேட்பாள். செங்கல்பட்டில் விடுதியில் தங்கி எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, இருபத்தோரு வயதில் டெலிபோன் ஆபரேட்டர் ஆனாள். பன்னிரண்டு வருஷமாக, வெளியூர்க் கால்களை இணைக்கும் ட்ரங்க் போர்டு. போகாத ஊர்களெல்லாம் குரல்களாக அவளுக்குப் பழக்கம். வேலூர் என்றால் ஒரு கரகரத்த குரல். பாண்டிச்சேரி என்றால் அங்கே ஆபரேட்டராக இருக்கும் சரோஜா.

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் சின்னப்பராஜ் வீட்டில் இருந்த நாட்களைக் கூட்டினால் இரண்டு வருஷம் தேறாது. அவன் லீவில் வரும்போதெல்லாம் அவள் கேட்பாள்: "நேப்பிள்ஸ் போனீங்களே, எப்படி இருந்துச்சு?" அவன் யோசித்துவிட்டு, "துறைமுகம்தான். கிரேன் எல்லாம் இருக்கும்," என்பான். அவன் பொய் சொல்லவில்லை. பதினாலு வருஷத்தில் எத்தனையோ துறைமுகங்களைப் பார்த்திருந்தான். துறைமுக வாசலுக்கு வெளியே ஒரு சோப்புக் கடை, ஒரு கடிகாரக் கடை, அதைத் தாண்டிப் போனதில்லை.

மறுநாள் எக்ஸ்சேஞ்சில் மத்தியான நேரம், பலகையில் விளக்குகள் அதிகம் எரியாத வேளை. மேற்பார்வையாளர் கோதண்டத்திடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரயில்வே ஸ்டேஷன் பக்கம் எடுங்க, மேரிம்மா. ஏதாச்சும் ஒண்ணுன்னா ரயிலைப் புடிச்சி வந்துடலாம்."

"பிரான்சுலருந்து ரயிலைப் புடிச்சி எங்க சார் வர்றது?"

"ஒரு பேச்சுக்குச் சொல்றேன்."

அன்று மாலை பாண்டிச்சேரிக்கு ஒரு கால் போட்டுவிட்டு, லைன் காலியாவதற்குள் அற்புதமேரி சரோஜாவைப் பிடித்தாள். எட்டு வருஷமாகப் பேசியும் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

"சரோஜா, உங்க ஊர்ல பிரெஞ்சு பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்குறவங்க நெறைய பேர் இருக்காங்கல்ல? மார்செய்ல்ல இருந்தவங்க யாராச்சும் தெரியுமா?"

"எங்க தெருவுலயே ஒருத்தங்க இருக்காங்க. ஞானம்மான்னு. வீட்டுக்காரரு பட்டாளம். பதினோரு வருஷம் அங்கதான். ஏன்?"

"எந்தப் பக்கம் தங்கலாம்னு கேட்டுச் சொல்றியா?"

அதற்குள் சென்னை லைன் குறுக்கே வந்தது. பேச்சு நின்றது.

அன்றிரவு சாப்பாட்டுக்கு முன்பே உட்கார்ந்து அவள் கணவனுக்கு எழுதினாள். இந்தப் பகுதி, அந்தப் பகுதி என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அதனால் கேள்விகளாக எழுதினாள். நாலு பக்கம் வந்தது. காலையில் கண் விழித்தால் முதலில் என்ன சத்தம் கேட்கும்? ஜன்னலைத் திறந்தால் என்ன தெரியும்? பகலில் நீங்கள் வேலைக்குப் போனபின், ஒன்றும் வாங்காமல் நான் உட்கார்ந்திருக்க இடம் உண்டா? வழி தவறினால், பாஷை தெரியாமல், எதைப் பார்த்துத் திரும்பி வருவது? பெண்கள் எங்கே நின்று பேசிக்கொள்கிறார்கள்? துணி எங்கே காயப்போடுகிறார்கள்? அந்தப் பகுதியைப் பற்றி அங்கே குடியிருக்காதவர்கள் என்ன சொல்கிறார்கள்? அங்கேயே குடியிருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்? "ஒரு இடத்தைப் பார்த்துவிட்டு எழுத வேண்டாம். நாலு இடமாவது பாருங்கள்," என்று முடித்திருந்தாள்.

கடிதம் கிடைத்தபோது சின்னப்பராஜ் கப்பலின் ஸ்விட்ச்போர்டுக்கு அடியில் படுத்திருந்தான். படித்துவிட்டுத் தன்னோடு வேலை செய்த செகண்ட் இன்ஜினியரிடம் காட்ட, அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சின்னப்பராஜும் சிரித்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினான்.

பிப்ரவரி கடைசியில் வந்த அவன் பதில் ஒன்பது பக்கம். அற்புதமேரி அதை வீட்டுக்கு எடுத்துப் போகும்வரை பொறுக்காமல் எக்ஸ்சேஞ்ச் சைக்கிள் ஷெட்டில் நின்றே படித்தாள்.

ரயில் நிலையம் ஒரு மேட்டின் மேல் இருக்கிறதாம், இறங்கப் பெரிய படிக்கட்டாம். பக்கத்து ஓட்டல்கள் சுத்தம். ஜன்னலைத் திறந்தால் எதிர்ச்சுவர். காலையில் டாக்சிக் கதவு சாத்தும் சத்தம். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. எல்லோரும் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். இரண்டாவது இடம் கத்தலான் என்ற கடற்கரைப் பக்கம். "நம்ம செம்பரம்பாக்கம் ஏரி நிறைந்து வெயிலடிக்கும்போது இருக்குமே, அந்தத் தண்ணீரை நீலமாக்கினால் எப்படியோ அப்படி இருக்கிறது கடல். ஆனால் ஒரு மணி நேரம் நின்றேன். நாயைக் கூட்டிப்போகிறவர்கள் மட்டும்தான் வந்தார்கள். அவர்களும் நாயிடம்தான் பேசினார்கள்." மூன்றாவது எஸ்தாக், ஊரின் வடகோடி, மீன்காரர்கள் இருக்கும் இடம், நல்ல மனிதர்கள், ஆனால் நகரத்திலிருந்து பஸ்ஸில் வெகுநேரம். நாலாவது பனியே. பழைய துறைமுகத்துக்கு மேலே ஒரு குன்று, அதில் சந்து சந்தாகப் படிக்கட்டுத் தெருக்கள். வீடுகள் நெருக்கமாக, நாலு மாடி ஐந்து மாடி. துணிகளைத் தெருவுக்குக் குறுக்கே கயிறு கட்டிக் காயப்போடுகிறார்கள். "கப்பல் ஏஜென்ட் ஆபீசில் இருப்பவர், அங்கே மட்டும் வேண்டாம், திருட்டு பயம், கெட்ட பெயர் எடுத்த இடம் என்கிறார். அவர் அங்கே கடைசியாக எப்போது போனார் என்று கேட்டேன். போனதே இல்லையாம். நீ கேட்கச் சொன்னதால் கேட்டேன்."

அந்தக் கடைசி வரியை அற்புதமேரி இரண்டு தடவை படித்தாள். ஒன்பது வருஷத்தில் தன் புருஷன் இத்தனை வாக்கியம் பேசி அவள் கேட்டதில்லை.

சரோஜாவின் பதிலும் அதே வாரம் வந்தது, துண்டு துண்டாக, மூன்று நாள் மூன்று காலுக்கு நடுவில். ஞானம்மா பனியேயில்தான் இருந்திருக்கிறார்.

"இன்னா சொன்னாங்க?"

"படி ஏறி ஏறி முட்டி போச்சுன்னாங்க."

"அப்ப வேணாம்னு சொன்னாங்களா?"

"அதான் இல்ல. அழுதா இன்னான்னு கேக்க ஆளு இருந்துச்சின்னு சொன்னாங்க."

அன்று முழுக்க அற்புதமேரி அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் அவளுக்கு ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. ஞானம்மா இருந்தது முப்பது வருஷத்துக்கு முன்னால். இப்போது எப்படியோ? கெட்ட பெயர் சும்மாவா வரும்?

மார்ச் இரண்டாம் வாரம், பகல் மூன்றரை மணி. அவள் பலகையில் உட்கார்ந்திருந்தபோது சென்னை ஆபரேட்டர் கூப்பிட்டாள். "ஸ்ரீபெரும்புதூர், உங்களுக்கு பிரான்சுலருந்து கால். பர்டிகுலர் பர்சன், அற்புதமேரி."

"நான்தான்," என்றாள். எத்தனையோ பேருக்கு இணைப்புக் கொடுத்தவள். தனக்கென்று ஒரு வெளிநாட்டு கால் வந்தது அதுதான் முதல் தடவை. கோதண்டம் தன் நாற்காலியிலிருந்து எழுந்து பக்கத்தில் வந்து நின்றார்.

"அற்புதம்? கேக்குதா? நான்தான்."

"கேக்குதுங்க. எங்கருந்து பேசுறீங்க?"

"போஸ்ட் ஆபீஸ். சீக்கிரம் சொல்லு, ஏப்ரல் மாசத்துக்கு இப்பவே ரூம் சொல்லிடணும். கத்தலானா, பனியேவா?"

அவள் அந்த விலையுயர்ந்த மூன்று நிமிஷத்தில் இன்னொரு கேள்வி கேட்டாள். "பகல் பதினோரு மணிக்கு அந்தப் பனியேயில பொம்பளைங்க கண்ணுக்குத் தெரியறாங்களா?"

"நேத்து போய் எண்ணுனேன். ஒரு தெருவுல மட்டும் ஜன்னல்ல ஒம்போது பேரு. பத்தாவது ஒரு அம்மா என்னைப் பாத்து சத்தம் போட்டாங்க. இன்னாத்துக்கு எங்க வூட்டையெல்லாம் மொறைக்கிறன்னு கேட்டிருப்பாங்க போல."

"அய்யய்யோ. அப்புறம்?"

"உன் போட்டோவைக் காட்டுனேன். இவ வர்றா, ரூம் வேணும்னு கையால சொன்னேன். மேல வான்னு கூட்டிகினு போயி ஒரு ரூமைக் காட்டுனாங்க. மூணாவது மாடி. ஜன்னல் தெருப்பக்கம். தூரத்துல துண்டா கடல் தெரியுது."

"அதையே எடுங்க."

"ஏஜென்ட்டு திருட்டு பயம்னு—"

"மூணு நிமிஷம் முடிஞ்சது," என்று சென்னை ஆபரேட்டர் குறுக்கிட்டாள். பிறகு, சட்டத்துக்கு விரோதமாக, ஒரு நொடி தயங்கிவிட்டு, "சார், அவங்க சொல்றதையே எடுங்க. நல்லாருக்கும்," என்றாள். லைன் அறுந்தது.

கோதண்டம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். டிபார்ட்மெண்ட் அனுமதிக்கு வேண்டிய காகிதங்களை அவரே டைப் அடித்துக் கொடுத்தார். கிளாராவுக்கு ஆறு வயது. பாட்டியிடம் விட்டுவிட்டு, ஏப்ரல் நாலாம் தேதி அற்புதமேரி புறப்பட்டாள். சென்னை, பம்பாய், பாரிஸ், பிறகு ஒரு சிறிய விமானத்தில் மார்செய்ல். சின்னப்பராஜ் வந்து காத்திருந்தான். அவளுக்காக ஒரு கம்பளிச் சட்டை கொண்டுவந்திருந்தான், அவனுடையது. சேலைக்கு மேல் அதைப் போட்டுக்கொண்டு, காலில் அவன் சாக்ஸோடு, படிக்கட்டுத் தெருவில் ஏறினாள். அறுபத்து நாலு படி. எண்ணிக்கொண்டே ஏறினாள்.

வீட்டுக்காரி மதாம் லூச்சியானி, கோர்சிகா தீவிலிருந்து வந்து குடியேறிய விதவை. கறுப்பு உடை, வெள்ளிக் காதணி, பெரிய குரல். அறை சின்னதுதான். ஆனால் ஜன்னலைத் திறந்ததும் எதிர்வீட்டு ஜன்னலில் கிழவர் ஒருவர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். கோப்பையைத் தூக்கிக் காட்டினார். இடப்பக்கம் கூரைகளுக்கு நடுவே, கணவன் சொன்னதுபோலவே, ஒரு துண்டுக் கடல்.

மறுநாள் காலை ஏழு மணிக்குச் சின்னப்பராஜ் வேலைக்குப் போனான். அற்புதமேரி கீழே இறங்கவில்லை. அன்று மட்டுமல்ல, அடுத்த நாளும் இறங்கவில்லை. இத்தனை கேள்வி கேட்டு, இத்தனை ஆசைப்பட்டு வந்தவளுக்கு வாசலைத் தாண்டக் கால் வரவில்லை. ஜன்னலில் உட்கார்ந்து பார்த்தாள். ரொட்டிக் கடைக்குப் போகிறவர்கள், படியில் பந்து உருட்டும் பிள்ளைகள், தலையில் துணி கட்டிய அல்ஜீரியப் பெண் ஒருத்தி, கூடையைக் கயிற்றில் இறக்கிக் காய்கறி வாங்கும் கிழவி. எல்லாம் அவள் கேட்டபடியே இருந்தது. கூப்பிடத்தான் யாருமில்லை. மாலையில் அவன் வந்ததும், "எங்கயாச்சும் போனியா?" என்று கேட்டான். "நாளைக்கு," என்றாள்.

மூன்றாம் நாள் வானம் பளிச்சென்று இருந்தது. துணி துவைத்து, மதாம் லூச்சியானி கற்றுக்கொடுத்தபடி, ஜன்னலிலிருந்து எதிர்வீட்டுக்குப் போகும் கயிற்றில் காயப்போட்டாள். அவளுடைய ஆரஞ்சு நிற நைலக்ஸ் சேலையும் அதில் இருந்தது. பத்து மணிக்கு வடக்கிலிருந்து காற்று வந்தது.

அற்புதமேரி எவ்வளவோ கேட்டிருந்தாள். காற்றைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. அவனும் எழுதவில்லை, ஞானம்மாவும் சொல்லவில்லை. மிஸ்த்ரால் என்று அதற்குப் பெயர், அந்த ஊரில் சாதாரண விஷயம் என்று பிறகுதான் தெரிந்தது. ஜன்னல் பலகைகள் படீர் படீர் என்று அடித்தன. தெருமுனையில் ஒரு நாற்காலி தானாக நடந்து போயிற்று. அவள் துணிகளை எடுக்க ஓடிவருவதற்குள் கிளிப்புகள் தெறித்து, ஐந்தரை மீட்டர் நைலக்ஸ் சேலை பாம்புபோல எழுந்து தெருவுக்கு மேலே பறந்தது.

"என் சேலை!" என்று தமிழில் கத்தினாள்.

செருப்புப் போட மறந்து அந்த அறுபத்து நாலு படித் தெருவில் ஓடினாள். சேலை ஒரு விளக்குக் கம்பத்தைச் சுற்றியது, விடுபட்டது, நாலாவது வீட்டு மாடிக் கம்பியில் சிக்கி ஆடியது. ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. எல்லாரும் ஒரே நேரத்தில் யோசனை சொன்னார்கள், யாருக்கும் யார் சொன்னதும் கேட்கவில்லை. ரொட்டிக்கடைக்காரர் அடுப்பிலிருந்து ரொட்டி எடுக்கும் நீளத் துடுப்போடு வந்தார். எட்டவில்லை. அல்ஜீரியப் பெண், பெயர் ஃபாத்திமா என்று பிறகு தெரிந்தது, துடைப்பத்தை அந்தத் துடுப்பில் கட்டினாள். மதாம் லூச்சியானி மூன்றாவது மாடியிலிருந்தே அனைவரையும் அதட்டினாள். எதிர்வீட்டுக் கிழவர் மெதுவாக அந்த வீட்டுக்குள் ஏறிப்போய், கம்பி வழியாகக் கையை நீட்டிச் சேலையை அவிழ்த்துக் கீழே விட்டார். அது காற்றில் விரிந்து ஃபாத்திமாவின் மேலும் ரொட்டிக்காரரின் மேலும் விழுந்து இருவரையும் மூடியது. தெருவே சிரித்தது. அற்புதமேரியும் படியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

அதன்பின் அவளை மேலே போக யாரும் விடவில்லை. ஃபாத்திமா தன் வீட்டுக்கு இழுத்துப் போய், குளிருக்குப் புதினா போட்ட டீ கொடுத்தாள். இத்தனை நீளத் துணியை எப்படி உடுத்துவது என்று எல்லாருக்கும் தெரிய வேண்டியிருந்தது. அற்புதமேரி மதாம் லூச்சியானிக்கே கட்டிவிட்டாள்; கறுப்பு உடைக்கு மேல் ஆரஞ்சு. அவள் கண்ணாடியில் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அன்று மாலை சின்னப்பராஜ் வந்தபோது அறையில் மனைவி இல்லை. பதறிப்போய்த் தெருவில் இறங்கினான். ஃபாத்திமாவின் கீழ்வீட்டுச் சமையலறையில் மூன்று பெண்களோடு அவள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னா அற்புதம், நான் பயந்தே பூட்டேன்."

"உக்காருங்க. இது ஃபாத்திமா. இவங்களுக்கு உங்களைத் தெரியுமாம். எங்க வூட்டையெல்லாம் எண்ணிகினு போனாரே அந்த ஆளுதானேன்னு கேக்கறாங்க."

"உனக்கு எப்படிம்மா இவங்க பேசறது புரியுது?"

"பன்னெண்டு வருஷமா லைன்ல கொரகொரன்னு கேக்கறதைப் புரிஞ்சிக்கறவ நானு. இது எவ்வளவோ தெளிவா கேக்குது."

காற்று மூன்று நாள் அடித்து நின்றது. மீதி நாட்களில் அற்புதமேரி அறையில் இருந்த நேரம் குறைவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் துறைமுகத்துக்கு அக்கரையில் இன்னொரு குன்றின் மேலிருந்த மாதா கோயிலுக்கு ஏறினார்கள். கோயில் கூரையிலிருந்து சின்னச் சின்னக் கப்பல் பொம்மைகள் தொங்கின. கடலிலிருந்து பிழைத்து வந்தவர்கள் நேர்ந்துகொண்டவை. சின்னப்பராஜ் வெகுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றான். டிசம்பரில் இன்ஜின் அறையில் தீ எந்தப் பக்கம் பிடித்தது, தான் எந்தக் கதவு வழியாக வெளியே வந்தான் என்பதை அப்போதுதான் முதல்முறையாக அவளிடம் சொன்னான். கடிதத்தில் ஒரே வரியில் முடித்திருந்த விஷயம், சொல்லி முடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. அவள் குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை.

பதினெட்டாம் நாள் அவள் ஊர் திரும்பினாள். மே மாதம் கப்பல் பழுது நீங்கிப் புறப்பட்டது. இன்னும் மூன்று வருஷம் ஓடிவிட்டு, 1986இல் சின்னப்பராஜ் கடலை விட்டு வந்து அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தான். எந்த ஊருக்குப் போய்வந்தாலும் அங்கே பார்த்ததைச் சொல்கிற மனிதனாகிவிட்டான்; சில சமயம் நிறுத்தச் சொல்லவேண்டியிருந்தது என்று அற்புதமேரி சொல்வாள்.

மார்செய்லிலிருந்து திரும்பிவந்த அதே வருஷம் ஜூன் மாதம் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு அவள் பாண்டிச்சேரி போனாள். பஸ் ஸ்டாண்டில் குட்டையாக, குண்டாக, கண்ணாடி போட்ட ஒருத்தி வந்து நின்றாள். குரலை வைத்து ஒல்லியான, உயரமான பெண்ணை நினைத்து வைத்திருந்த அற்புதமேரி, அவளைத் தாண்டி வேறு யாரையோ தேடினாள்.

"மேரி, நான்தான்டி," என்றாள் சரோஜா.

இருவரும் ஞானம்மாவின் வீட்டுக்குப் போனார்கள். ஞானம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முட்டியில் தைலம் மணத்தது. அற்புதமேரி கொண்டுவந்த மார்செய்ல் சோப்புக் கட்டியை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார்.

"பெரிய முற்றம் வச்ச பழைய ஆஸ்பத்திரிக் கட்டடம் ஒண்ணு இருக்குமே, அத இடிச்சிட்டாங்களா?"

"இல்லம்மா. சாரம் கட்டிப் புதுசு பண்ணிட்டிருக்காங்க."

"அங்கதான் இருந்தோம். அப்ப அதுல ஏழைபாழைங்க குடியிருந்தோம். ஒரு தூண் வளைவுக்குப் பின்னாடி ஒரு குடும்பம். என் பெரிய பொண்ணு அங்கதான் பொறந்தா."

அற்புதமேரி அந்தக் கட்டடத்தை ஒட்டித்தான் தினமும் ரொட்டிக் கடைக்குப் போயிருக்கிறாள். எந்த வளைவு என்று கேட்டாள். தெற்குப் பக்கம், இரண்டாவது தளம், படிக்கட்டிலிருந்து மூன்றாவது என்றார் ஞானம்மா. குழந்தை எந்த மாதம், தண்ணீர் எங்கிருந்து பிடித்தீர்கள், அக்கம்பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று அற்புதமேரி ஒவ்வொன்றாகக் கேட்க, ஞானம்மா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். சரோஜா இரண்டு முறை காப்பி போட்டாள். நாலு மணி பஸ் போய்விட்டது. அடுத்தது ஐந்தரைக்கு என்று சரோஜா சொன்னபோது, "அப்ப நல்லதாப் போச்சு," என்று அற்புதமேரி நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.